கீபோர்டு ஆர்கனுக்கு உயிர் கொடுக்கும் ரோட்டரி பெடல்: இணைப்பதிலிருந்து வாசிப்பது வரை

கீபோர்டில் பியானோ நன்றாக இருக்கும், ஸ்ட்ரிங்ஸ் பரவாயில்லை என்று தோன்றும். ஆர்கனைத் தேர்ந்தெடுத்து ஒரு கார்டைப் பிடித்ததும் மட்டும் மனம் சுருங்கிவிடும். ஒலி தட்டையாக, ஒரே இடத்தில் நின்றுகொண்டு இருக்கும். அல்லது ஒரே சீராக, இயந்திரம் மாதிரி நடுங்கிக்கொண்டே இருக்கும். இதைக் கேட்டுவிட்டு வேறு கீபோர்டு தேடத் தொடங்கியவர்கள் நிறைய பேர். கொஞ்சம் பொறுங்கள். இன்றைய கீபோர்டுகள் பலவற்றில் ஆர்கனின் அடிப்படை ஒலி நன்றாகவே இருக்கிறது. சொதப்புவது பெரும்பாலும் அதைச் சுழற்றும் எஃபெக்ட்தான். அந்த வேலையை மட்டும் கீபோர்டிடமிருந்து பிடுங்கி ஒரு நல்ல ரோட்டரி பெடலிடம் (சுழலும் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் சிறு பெட்டி) கொடுத்தால், அதே கீபோர்டு வேறு வாத்தியமாகிவிடும்.

அதற்கு ஒரே நிபந்தனை: ஒலிப் பாதையில் சுழற்சி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒன்றை உறுதிசெய்வதற்காகத்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

பெடலின் குமிழ்களைத் திருப்புவதற்கு முன், அது எதைப் போலச் செய்ய முயல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஹேமண்ட் ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தது. காந்தச் சுருள்களுக்கு முன்னால் உலோகச் சக்கரங்கள் சுழன்று ஒலியை உண்டாக்கும். 1954இல் வந்த பி-3 மாடலில் அப்படி 91 சக்கரங்கள். அந்த ஒலி தெளிவானது, ஆனால் ஆடாமல் அசையாமல் நிற்கும். டான் லெஸ்லி என்பவர் 1940களின் தொடக்கத்தில் அதற்கென்று ஒரு சுழலும் ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்தார். ஆர்கனை உருவாக்கிய லாரன்ஸ் ஹேமண்டுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் வாசிப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். இன்று நாம் 'ஆர்கன் சவுண்டு' என்று மனதில் வைத்திருப்பது அந்த இரண்டும் சேர்ந்த ஒலி.

பெரும்பாலான பெடல்கள் லெஸ்லி 122 மாடலைத்தான் முன்மாதிரியாகக் கொள்கின்றன. அதில் 40 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் உண்டு. ஒலி சுமார் 800 ஹெர்ட்ஸில் இரண்டாகப் பிரியும். அதற்கு மேலே உள்ளது ஒரு சுழலும் கொம்பு வழியாக வெளியே வரும். கொம்புக்கு இரண்டு வாய் இருந்தாலும் ஒலி வருவது ஒன்றில்தான், மற்றது எடையைச் சமன் செய்ய. 800க்குக் கீழே உள்ளது 15 அங்குல ஸ்பீக்கரிலிருந்து கீழ்நோக்கி ஒரு சுழலும் டிரம்முக்குள் (உருளைக்குள்) போகும். கொம்பும் டிரம்மும் எதிரெதிர்த் திசையில் சுற்றும்.

மெதுவான வேகத்தில் கொம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 48 சுற்று, டிரம் 40. வேகமாக ஓடும்போது கொம்பு சுமார் 400, டிரம் சுமார் 340. இரண்டும் ஒருபோதும் ஒரே தாளத்தில் ஓடுவதில்லை. கொம்பு லேசானது என்பதால் ஒரு விநாடியில் வேகம் பிடித்துவிடும். டிரம் கனமானது, அதற்கு நான்கைந்து விநாடியோ அதற்கு மேலோ ஆகும். வேகம் மாறும் அந்தச் சில விநாடிகளில் மேல் ஒலி ஒரு பக்கம் பறக்க, கீழ் ஒலி மெல்ல எழுந்து பின்னால் வரும். கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும் இடம் அதுதான்.

கொம்பின் வாய் மையத்திலிருந்து 18 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், வேகமான சுழற்சியில் அது விநாடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்து விலகிப் போகிறது. டாப்ளர் விளைவால் சுருதி இரண்டு சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கும். கூடவே சத்தம் கூடிக் குறையும், ஒலியின் நிறமும் மாறும், சுவரில் பட்டுத் திரும்புவதும் கலக்கும். மலிவான எஃபெக்ட்கள் இதில் ஒன்றிரண்டை மட்டும் செய்வதால்தான் பொய்யாகக் கேட்கின்றன. கோரஸ் பெடலோ ஃபேசர் பெடலோ இதற்கு ஈடாகாது.

எந்தப் பெடல்

நியோ வென்டிலேட்டர், ஸ்ட்ரைமன் லெக்ஸ், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் லெஸ்டர் கே, பாஸ் ஆர்டி-20 ஆகியவை கீபோர்டு வாசிப்பவர்கள் மத்தியில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். பெயரை விட முக்கியமான சில விஷயங்களைப் பாருங்கள். கொம்பும் டிரம்மும் தனித்தனி வேகத்தில் ஏறி இறங்குகின்றனவா? ஸ்டீரியோ அவுட்புட் உண்டா? கீபோர்டின் லைன் அளவு ஒலியைப் பிசிறில்லாமல் தாங்குமா? வேகத்தை மாற்ற வெளியே இன்னொரு சுவிட்சை இணைக்க வழி உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. கிட்டார் வாசிப்பவர் நின்றுகொண்டு காலால் மிதிப்பார். நமக்கு ஒரு காலில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் இருக்கும். பெடலைக் கீபோர்டின் மேல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, சுவிட்சை மட்டும் இன்னொரு காலுக்குக் கொடுப்பதுதான் வசதி.

படி 1: கீபோர்டின் ஆர்கனை அசையாமல் நிறுத்துங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை நேரம் முழுவதும் ஒதுக்கினாலும் தகும். ஹெட்போன் போட்டுக்கொண்டு, பெடல் எதுவும் இல்லாமல், ஒரு ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு நோட்டைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒலி நேர்கோடு போல நின்றால் நல்லது. அலைந்தால், பிடித்தபடியே மாடுலேஷன் வீலை மேலே தள்ளுங்கள். அலையும் வேகம் மாறினால் அது கீபோர்டின் சொந்த ரோட்டரி எஃபெக்ட். எஃபெக்ட் மெனுவில் ரோட்டரி, ரோட்டர், லெஸ்லி, சில மாடல்களில் டிஎஸ்பி அல்லது இன்சர்ட் என்ற பெயரில் இருக்கும். அணைத்துவிடுங்கள்.

எல்லா எஃபெக்டையும் அணைத்த பிறகும் அலைந்தால்? பதிவு செய்யும்போதே லெஸ்லி பெட்டியை ஓடவிட்டுப் பதிவு செய்த ஒலி அது. அதிலிருந்து சுழற்சியைப் பிரித்தெடுக்க வழியில்லை. அடுத்த ஒலிக்குப் போங்கள். டிராபார் (ஒலியின் ஒவ்வொரு அடுக்கையும் கூட்டிக் குறைக்கும் இழுவைக் கட்டை) வைத்து நாமே கட்டும் பகுதி உங்கள் கீபோர்டில் இருந்தால் நேராக அங்கே போவது நல்லது. யமாஹாவின் சில மாடல்களில் அதற்கு 'ஆர்கன் ஃப்ளூட்ஸ்' என்று பெயர்.

ஒரு அலைவை மட்டும் விட்டுவைக்கலாம். ஹேமண்டுக்குள்ளேயே கோரஸ், வைப்ராட்டோ என்று ஓர் அமைப்பு உண்டு. சி1 முதல் சி3, வி1 முதல் வி3 என்று குறிப்பார்கள். அது லெஸ்லிக்கு முன்னால் வருவது, ஆர்கனின் பகுதி. உங்கள் கீபோர்டில் அதே பெயரில் இருந்தால் சி3 போட்டுக் கேளுங்கள். அதன் வேகம் மாறாது, அதனால் ரோட்டரியிலிருந்து அடையாளம் காண்பது எளிது. பொதுவான கோரஸ் எஃபெக்ட் வேறு, அதை அணைத்துவிடுங்கள்.

ரிவெர்பையும் அணையுங்கள். கீபோர்டில் ரிவெர்ப் போட்டு அதைப் பெடலுக்கு அனுப்பினால் அறையே சுழல்வது போல இருக்கும். ரிவெர்ப் பெடலுக்குப் பிறகு, மிக்சரில் சேர வேண்டியது. டச் சென்சிட்டிவிட்டியை நிலையான அளவில் வையுங்கள், ஆர்கன் சாவி அழுத்தத்தைப் பொருட்படுத்தாத வாத்தியம்.

நான் பெடல் வாங்கிய புதிதில் இந்தப் படியைச் செய்யவில்லை. உள்ளே ஒரு ரோட்டரி, வெளியே ஒரு ரோட்டரி, இரண்டும் மோதி ஒலி கலங்கிக் கிடந்தது. பல வாரம் பெடலின் மேல் வருத்தப்பட்டேன். மெனுவில் ஒரே ஒரு வரியை மாற்றிய அன்று மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் வாசித்தேன்.

படி 2: டிராபார்

ஒன்பது டிராபார், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 8 வரை அளவு. அதனால்தான் அமைப்புகளை ஒன்பது இலக்கமாக எழுதுகிறார்கள். இடமிருந்து 16 அடி, 5⅓, 8, 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 (குழல் ஆர்கனின் குழல் நீளத்தை வைத்து வந்த பெயர்கள்). தொடங்குவதற்கு மூன்று போதும்: 888000000, 888800000, 888888888.

இப்போது 800 ஹெர்ட்ஸ் கணக்கை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நடு சி நோட்டை 888000000 வைத்து வாசித்தால் வெளிவருவது ஏறத்தாழ 131, 392, 262 ஹெர்ட்ஸ். மூன்றுமே 800க்குக் கீழே. அதாவது அந்த நோட்டு கிட்டத்தட்ட முழுவதும் டிரம் வழியாகப் போகிறது, கொம்புக்கு அங்கே வேலையே இல்லை. அதே நோட்டில் எல்லா டிராபாரையும் இழுத்தால் வலது கோடியில் உள்ளவை 1000, 2000 ஹெர்ட்ஸ் என்று போய்க் கொம்பைத் திறந்துவிடும். 'வேகமாகப் போட்டும் சுழற்சி கேட்கவில்லை, பெடல் சரியில்லை' என்று தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு ஆக்டேவ் மேலே போங்கள், அல்லது வலப்பக்க டிராபார்களில் ஒன்றிரண்டைக் கொஞ்சம் இழுங்கள். கொம்பு உடனே பேசும்.

888000000 அமைப்போடு பர்கஷன் (நோட்டின் தொடக்கத்தில் மட்டும் கேட்கும் சிறு தட்டொலி) சேர்த்தால் ஜாஸ் வாசிப்புக்கு ஏற்ற ஒலி கிடைக்கும்: மூன்றாம் ஹார்மானிக், மென்மையான அளவு, சீக்கிரம் அடங்குவது. பழைய ஆர்கனில் எல்லா விரலையும் எடுத்து மீண்டும் அழுத்தினால்தான் பர்கஷன் ஒலிக்கும், அதைப் போட்டால் ஒன்பதாம் டிராபார் வேலை செய்யாது. உங்கள் கீபோர்டு இந்த இரண்டையும் பின்பற்றினால் அதன் ஆர்கன் பகுதியைக் கவனத்தோடு செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

படி 3: இணைப்பு

வரிசை இது: கீபோர்டு, பெடல், மிக்சர் அல்லது கீபோர்டு ஆம்ப். ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட், சுருக்கமாக டிரைவ்) தனிப் பெடலாக இருந்தால் ரோட்டரிக்கு முன்னால் வைக்க வேண்டும். உண்மைப் பெட்டியிலும் வால்வு முதலில், சுழற்சி பிறகு.

அடாப்டரைச் செருகுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். சில பெடல்களுக்கு 9 வோல்ட், சிலவற்றுக்கு 12. முனையின் நடுப்பகுதி நெகட்டிவா பாசிட்டிவா என்பதும் முக்கியம். பெடலின் மேல் அச்சிட்டிருப்பதையும் அடாப்டரில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள்.

ஒரே கீபோர்டில் பியானோவும் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். எல்லா ஒலியும் ஒரே அவுட்புட்டில் போனால் பியானோவும் சுழலும். தனி அவுட்புட் இருக்கும் கீபோர்டில் ஆர்கனை அங்கே திருப்பிவிடலாம். இல்லாதவர்கள் ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளும் 'பேன்' (pan) அமைப்பைப் பயன்படுத்தலாம். ஆர்கனை முழுவதும் இடப்பக்கம், மற்ற எல்லாவற்றையும் முழுவதும் வலப்பக்கம் தள்ளுங்கள். இடது அவுட்புட் பெடலுக்கு, வலது அவுட்புட் நேராக மிக்சருக்கு. பியானோ மோனோவாகிவிடும், ஆனால் ஆர்கனுக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது. கீபோர்டின் பொது ரிவெர்ப் இரண்டு பக்கமும் கசியும் என்பதால் இந்த ஏற்பாட்டில் அது அணைந்தே இருக்க வேண்டும்.

மிக்சரின் ஆக்ஸ் (வெளிக்கருவிக்கு ஒலியை அனுப்பும் தனி அவுட்புட்) வழியாகப் பெடலுக்கு அனுப்பிக் கலப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் சுழலாத மூல ஒலியை மிக்சரில் முழுவதும் இறக்கிவிடுங்கள். லெஸ்லி பெட்டியில் சுழலாத ஒலி என்று எதுவும் கிடையாது. அதே காரணத்துக்காகப் பெடலில் மிக்ஸ் குமிழ் இருந்தால் அதை முழு எஃபெக்ட் பக்கம் திருப்பி வையுங்கள்.

படி 4: அளவு

கிட்டாரை விடக் கீபோர்டின் ஒலி பல மடங்கு வலுவானது. பெடலில் லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்று தேர்வு இருந்தால் லைன். கீபோர்டு வால்யூமை முக்கால் பங்கில் வையுங்கள். 888888888 போட்டு, இரண்டு கைகளாலும் பெரிய கார்டு பிடித்து, எக்ஸ்பிரஷன் பெடலை முழுவதும் அழுத்துங்கள். இதைவிடப் பெரிய ஒலி உங்களிடமிருந்து வரப்போவதில்லை. இப்போது டிஜிட்டல் வெடிப்பு கேட்கக் கூடாது. கேட்டால் கீபோர்டைக் கொஞ்சம் குறைத்து, பெடலின் அவுட்புட்டில் ஈடுகட்டுங்கள்.

எக்ஸ்பிரஷன் பெடல் ரோட்டரிக்கு முன்னால் இருப்பது அவசியம். கீபோர்டின் எக்ஸ்பிரஷன் ஜாக்கில் செருகினால் அது தானாகவே முன்னால் வந்துவிடும். அப்போதுதான் அழுத்தும்போது டிரைவ் உறுமும், விடும்போது சுத்தமாகும். அதன் கீழ் எல்லையைப் பூஜ்யத்தில் வைக்காதீர்கள். ஹேமண்டில் பெடலை முழுவதும் விட்டாலும் ஒலி மெலிதாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

படி 5: வேகமும் ஏற்ற இறக்கமும்

காதை மட்டும் நம்பாமல் கடிகாரத்தையும் பயன்படுத்துங்கள். கொம்பைக் கேட்க, 8 அடி டிராபாரை மட்டும் இழுத்து, நடு சி-க்கு இரண்டு ஆக்டேவ் மேலே உள்ள சி-யைப் பிடியுங்கள். அது ஏறத்தாழ 1046 ஹெர்ட்ஸ், கொம்பில்தான் வரும். மெதுவான வேகத்தில் பத்து விநாடிக்கு எட்டு முறை அலை வந்து போனால் 48 சுற்று. டிரம்முக்கு 16 அடி டிராபாரை மட்டும் வைத்துக் கீழ் நோட்டு ஒன்றைப் பிடித்து எண்ணுங்கள், பத்து விநாடிக்கு ஆறு ஏழு வர வேண்டும்.

வேகமான சுழற்சியை எண்ண முடியாது. கொம்பு விநாடிக்கு ஆறேழு சுற்று, அவ்வளவுதான். பலர் இதை அதிகமாக வைத்துவிடுகிறார்கள், அப்போது ஒலி பதற்றமாகிவிடும். மெதுவான வேகத்தையும் தேவைக்கு மேல் வைப்பது இன்னொரு பொதுவான தவறு. இரண்டு வேகத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால்தான் மாற்றம் மனதில் பதியும்.

ஏறி இறங்கும் நேரத்தைப் பெரும்பாலான பெடல்களில் ஒரே குமிழ் கட்டுப்படுத்தும். ஒரு கார்டைப் பிடித்தபடி சுவிட்சைத் தட்டி, கொம்பு ஒரு விநாடியில் வேகம் பிடிக்கும்படி வையுங்கள். டிரம் தன் போக்கில் பின்னால் வரட்டும்.

படி 6: மைக் தூரம், சமநிலை, டிரைவ்

மைக் தூரம் என்ற குமிழோ அருகில், தொலைவில் என்ற சுவிட்சோ இருக்கும். அருகில் வைத்தால் ஒவ்வொரு சுற்றும் முகத்தில் வந்து அடிப்பது போலத் துடிக்கும். தொலைவில் வைத்தால் மென்மையாகும். தனியாக வாசிக்கும்போது தொலைவு அழகு. டிரம்ஸ், கிட்டாரோடு வாசிக்கும்போது அருகில் வைத்தால்தான் சுழற்சி மற்ற ஒலிகளைத் தாண்டிக் கேட்கும்.

கொம்பு, டிரம் சமநிலையை நடுவில் தொடங்குங்கள். பேஸ் கிட்டார் இருக்கும் குழுவில் டிரம்மைக் கொஞ்சம் குறைத்தால் கீழ்ப்பகுதி குழம்பாது. இடது கையால் பேஸ் வாசிப்பவர்கள் குறைக்கவே வேண்டாம்.

டிரைவை, எக்ஸ்பிரஷன் பாதியில் இருக்கும்போது சுத்தமாகவும் முழுவதும் அழுத்தும்போது மட்டும் கரகரப்பாகவும் வரும் அளவில் நிறுத்துங்கள். நிறைய டிரைவ் போட்டால் கார்டின் நோட்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகும். அப்படி ஒலி வேண்டுமென்றால் மூன்று நோட்டு கார்டுகளை விட்டு இரண்டு நோட்டு, ஆக்டேவ் என்று வாசிப்பைச் சுருக்குங்கள்.

படி 7: வெளியே போகும் ஒலி

ஸ்டீரியோ வசதி இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள், சுழற்சி அறையில் நடமாடுவது அப்போதுதான் தெரியும். மிக்சரில் இரண்டு சேனலையும் முழுக்க விரிக்காமல் கடிகாரத்தின் 10 மணி, 2 மணி நிலையில் வைத்தால் இயல்பாக இருக்கும். அரங்கின் ஸ்பீக்கர் மோனோ என்றால் பெடலின் மோனோ அவுட்புட்டை எடுங்கள். இடது, வலது இரண்டையும் மிக்சரில் ஒன்றாகச் சேர்த்தால் சில அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலிந்துவிடும்.

கிட்டார் ஆம்பில் போடாதீர்கள், அதன் ஸ்பீக்கர் ஆர்கனின் மேல் பகுதியையும் அடிப் பகுதியையும் விழுங்கிவிடும். இரைச்சல் வந்தால் பெடலுக்கும் மிக்சருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (ஒலி சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். எந்தச் சாதனத்தின் மின்செருகியிலும் எர்த் கம்பியைத் துண்டிக்க மட்டும் கூடாது.

அப்புறம் வாசிப்பு

பெடலை வேகமாகவே ஓடவிட்டு முழுப் பாட்டையும் வாசிப்பது இந்த ஒலிக்குச் செய்யும் அநியாயம். மெதுவான சுழற்சியில் தொடங்குங்கள். வேகம் பிடிக்க நேரம் ஆகும் என்பதால், உச்சம் வரும் இடத்துக்கு அரைத் தாளச் சுற்று (அரை 'bar') முன்னாலேயே சுவிட்சைத் தட்ட வேண்டும். கார்டு நீண்டு நிற்கும்போது கொம்பு ஏறும், டிரம் பின்னால் வரும், எக்ஸ்பிரஷனை மெல்லத் திறந்தால் மூன்றும் சேர்ந்து எழும். வரியின் கடைசிக் கார்டைப் பிடித்தபடி மெதுவுக்குத் திரும்பினால் ஒலி மூச்சு விடுவது போல அடங்கும். சில பெடல்களில் நிறுத்தம் என்று மூன்றாவது நிலையும் உண்டு. சுழற்சியே இல்லாமல் சில தாளச் சுற்றுகள் வாசித்துவிட்டு மெதுவுக்கு வந்தால், அந்த மெதுவான சுழற்சியே பெரிய நிகழ்வாகக் கேட்கும்.

சஸ்டெயின் பெடலைத் தொடாமல் விரலாலேயே நோட்டுகளை இணைத்துப் பழகுங்கள். பயிற்சிக்கு நான் செய்வது இது: நான்கு கார்டுகள், ஒவ்வொன்றும் நான்கு தாளச் சுற்று, ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு இடத்தில் சுவிட்சைத் தட்டி ஃபோனில் பதிவு செய்துகொள்வேன். வாசிக்கும்போது சரியாகத் தோன்றிய இடம் கேட்கும்போது பெரும்பாலும் தாமதமாக இருக்கும். அடுத்த முறை ஒரு தாளத் தட்டு முன்னால் தட்டிப் பார்ப்பேன்.